பவுன் சொல்லாமல் விட்டது

தாபோடிப் பவுனுக்குப் பிடிக்காதவர்கள் என்று எடுத்தால் கைவிரல்கள் போதாது. ஆனால் மனதார அவள் வெறுத்தது ஒரே ஒருவரைத்தான். புனேயில் ராஸ்தா பேட்டில் குடியிருந்த லக்ஷ்மிநாராயணன் என்ற வங்கி அதிகாரி அவர். பன்னிரண்டு வருஷம் நாள் தவறாமல் வெறுத்தாள். அவரும் சளைக்காமல் திருப்பிச் செய்தார். இவர்களுக்குள் சொத்துத் தகராறு இல்லை, சொந்தபந்தம் இல்லை. எந்தக் கடல்மீனை எந்த மீனோடு ஒரே கண்ணாடித் தொட்டியில் விடலாம் என்பதுதான் தகராறு.

பவுனுக்கு அம்பாசமுத்திரத்துப் பக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. 1981இல் சுப்பையாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் புனேக்கு வந்தாள். சுப்பையா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் தொழிலாளி. தாபோடியில் ரயில்பாதையை ஒட்டி இரண்டு அறை வீடு. மகள் ஜான்சி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பவுன் கேம்ப் பகுதியில் ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். தரை துடைக்க வேண்டும், கருவிகளைக் கழுவி வைக்க வேண்டும், நோயாளிகளை வரிசையாக உட்கார வைக்க வேண்டும். அந்த டாக்டரம்மாவுக்குக் கடல்மீன் பைத்தியம். காத்திருக்கும் அறையில் நாலடி நீளத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்திருந்தார். மும்பையிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓர் ஆள் வந்து புதிய மீன்களை விட்டுவிட்டுப் போவான். அடுத்த முறை அவன் வருவதற்குள் பாதி செத்திருக்கும். தண்ணீர் சரியில்லை என்பான், விளக்கு சரியில்லை என்பான். டாக்டரம்மா மறுபடியும் மீன் வாங்குவார்.

தரை துடைக்கிறவளுக்கு முகம் தொட்டிக்கு நேரே வந்துவிடும். பவுன் பார்த்துக்கொண்டே துடைத்தாள். தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை என்று இரண்டே மாதத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளி வைத்த ஒரு சின்ன மீன் இருந்தது. குட்டியாக வந்தபோது சாதுவாகத்தான் திரிந்தது. வளர வளரப் புள்ளி மங்கியது, குணம் திரிந்தது. புதிதாக எது வந்தாலும் மூலையில் நெருக்கி வாலைக் கடித்தது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பவுன் எழுதி வைக்கத் தொடங்கினாள். எந்தக் கிழமை, யார் யாரைத் துரத்தினார்கள், யார் சாப்பிட வரவில்லை. மீன்களின் ஆங்கிலப் பெயர் அவளுக்குத் தெரியாது. புள்ளிக்காரன், கொண்டைக்காரி, சலவைக்காரன் என்று தானே பெயர் வைத்துக்கொண்டாள். ஒருநாள் டாக்டரம்மாவிடம் போய், அந்தப் புள்ளிக்காரனை மட்டும் எடுத்துவிடுங்கள், மூன்று மாதம் ஒரு மீனும் சாகாது என்று சொன்னாள். எடுத்தார்கள். சாகவில்லை. மும்பை ஆள் வருவது நின்றது. தொட்டி பவுன் கைக்கு வந்தது.

அடுத்த நாலைந்து வருஷத்தில் டாக்டரம்மாவுக்குத் தெரிந்தவர்கள் வீடுகளில் ஏழெட்டுத் தொட்டிகள் அவள் பொறுப்புக்கு வந்தன. அலிபாக்குக்கு டெம்போவில் போய் கேன்களில் கடல்தண்ணீர் பிடித்து வருவாள். அப்படிப் போனபோதுதான் முதன்முதலாகக் கடலையே பார்த்தாள். பார்த்துவிட்டு, இவ்வளவு இடம் இருந்தால் எவனும் எவனையும் கடிக்கமாட்டான் என்று டெம்போக்காரனிடம் சொன்னாளாம்.

1996இல் டாக்டரம்மா அவளைக் கடல்மீன் வளர்ப்பவர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். எரண்ட்வணேயில் ஒரு பள்ளிக்கூட ஹால். முப்பது பேர் வந்திருந்தார்கள். அங்கேதான் லக்ஷ்மிநாராயணனைப் பார்த்தாள்.

அவர் படித்தவர், உண்மையிலேயே விஷயம் தெரிந்தவர். வெளிநாட்டுப் பத்திரிகைகளை வரவழைத்து வரிக்கு வரி படிப்பார். அன்று சுவரில் ஒரு பெரிய சார்ட்டை மாட்டியிருந்தார். மேலே வரிசையாக மீன்களின் பெயர், பக்கவாட்டில் அதே பெயர்கள், நடுவே கட்டம் கட்டமாகச் சரி, தவறு, கேள்விக்குறி. சொந்தக் கையால் ஸ்கேல் வைத்துப் போட்டது. கூட்டத்தில் எல்லோரும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். புதுத் தொட்டி வைப்பவர்கள் முதலில் இந்த மீனை விடலாம், எதையும் தாங்கும் என்று அவர் குச்சியால் காட்டிய படத்தைப் பார்த்ததும் பவுனுக்கு உட்கார முடியவில்லை. படத்தில் இருந்தது புள்ளிக்காரன்.

எழுந்து இந்தியில் சொன்னாள். முதலில் வருகிறவன் தொட்டி முழுவதும் தன் வீடு என்று நினைத்துக்கொள்வான். இவனை விடுவதாக இருந்தால் கடைசியில் விடுங்கள், இல்லையென்றால் விடவே விடாதீர்கள். நான் கண்ணால் பார்த்தது.

ஹாலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இந்தியின் வாடையை வைத்தே தமிழ் என்று லக்ஷ்மிநாராயணன் கண்டுகொண்டார். குச்சியை இறக்காமல், சிரித்த முகத்தோடு, மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழில் சொன்னார்.

"இது பாத்திரம் தேய்க்கற எடம் இல்லம்மா. பேசாம உக்காரு."

பவுன் உட்காரவில்லை. டாக்டரம்மா பக்கம் திரும்பி, ஹால் முழுவதும் கேட்கிற குரலில், மராத்தியில் சொன்னாள். "இந்த சாகேப் என்னிடம் தமிழில் ஒன்று சொன்னார். எல்லோரும் கேட்கட்டும். 'பாண்டி காஸாய்ச்சி ஜாகா நாஹி.' பாத்திரம் தேய்க்கும் இடம் இல்லையாம்."

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். லக்ஷ்மிநாராயணனின் முகம் கறுத்தது. சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனவர் அடுத்த மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. அதன் பிறகு வந்தபோது பவுன் இருக்கும் பக்கம் பார்க்காமல் பேசும் வித்தையைப் பழகிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. பவுன் பார்க்கும் வீடுகளில் அவர் தற்செயலாகப் போவதுபோல் போய், தொட்டியை உற்றுப் பார்த்து, வெள்ளைப்புள்ளி நோய் வரும்போல இருக்கிறதே, அந்த தாபோடிக்காரி எல்லா வீட்டுக்கும் ஒரே வலையைத்தானே கொண்டு போகிறாள் என்று சொல்லிவிட்டு வருவார். அது பொய். பவுன் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வலை வைத்திருந்தாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் வீட்டில் விலை உயர்ந்த ரோஜாநிற மீன் கூட்டம் ஒன்று பத்தே நாளில் போய்விட்ட கதையை எங்கேயோ கேட்டு வந்து, சார்ட்டில் அதற்கு என்ன குறி போட்டிருக்கிறார் என்று கூட்டத்தில் பகிரங்கமாகக் கேட்டாள். ஒருமுறை அவர் பவுனின் பெயரைக் கூட்டத்து உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தார். டாக்டரம்மா சண்டை போட்டுத் திரும்பச் சேர்த்தார்.

சுப்பையா ஓய்வு பெற்று வந்தபோது முன்னறையில் ஆறு தொட்டிகள் இருந்தன. புதிதாக வரும் மீன்களை ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்க்காமல் பவுன் எந்த வீட்டுக்கும் கொண்டுபோக மாட்டாள். மோட்டார்ச் சத்தத்தில் டிவி கேட்கவில்லை என்பது சுப்பையாவின் தீராத குறை. "குழம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது. இதுக்கு ஒரு சண்ட வேற" என்பார். அந்தச் சண்டையைப் பற்றி அவளிடம் அதற்கு மேல் பேசும் தைரியம் அவருக்குக் கிடையாது.

2004இல் மகர்பட்டாவில் ஒரு மென்பொருள் கம்பெனி வரவேற்புக் கூடத்தில் எட்டடித் தொட்டி வைக்க முடிவு செய்தது. நிர்வாகப் பொறுப்பில் சங்கரன் என்பவர் இருந்தார். விசாரித்ததில் அவருக்கு இரண்டு பெயர்கள் கிடைத்தன. இரண்டு பேரும் தமிழர்கள் என்றதும் அவருக்குச் சந்தோஷம். என்னென்ன மீன், எந்த வரிசையில் என்பதை லக்ஷ்மிநாராயணன் முடிவு செய்வார், தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது, கண்ணாடி துடைப்பதெல்லாம் பவுன் என்று தானே பங்கு பிரித்து, இருவரையும் ஒரே மேஜைக்கு அழைத்துக் காபி வரவழைத்தார். அந்தக் காபியை இரண்டு பேரும் தொடவில்லை.

வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். பவுன் வரவில்லை. அந்த ஆள் தோற்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். இதை அவள் பிற்பாடு ஜான்சியிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள்.

முதல் வாரமே லக்ஷ்மிநாராயணன் ஒரு தாளில் அழகான கையெழுத்தில் தமிழில் விதிகள் எழுதித் தொட்டியின் அடி அலமாரிக் கதவில் உள்பக்கமாக ஒட்டினார். தினம் எத்தனை வேளை தீனி, எத்தனை சிட்டிகை. கடைசி வரி இது: 'என்னைக் கேட்காமல் எந்த மீனையும் இடம் மாற்றக் கூடாது. மீன் தேர்வு குறித்து அலுவலகத்தாரிடம் அபிப்பிராயம் சொல்லக் கூடாது.' செவ்வாயும் வெள்ளியும் பவுன் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வரி கண்ணில் படும்.

ஆனால் வேலையில் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். ஆறு வாரம் தண்ணீரைப் பழக்கினார். சாதுவான பச்சைக் குட்டி மீன்கள் ஆறை முதலில் விட்டார். பிறகு மணலில் குழி தோண்டி ஒளியும் நெருப்பு நிற மீன் ஒன்று, உடம்பைச் சுத்தம் செய்துவிடும் சிவப்பு இறால் இரண்டு, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கிளவுன் ஜோடி, நீள மூக்கு வைத்த மஞ்சள் வண்ணாத்தி, வாலடியில் கத்தி போன்ற முள் உள்ள சர்ஜன் மீன். எல்லாம் சரியான வரிசை. சரியான அளவு. பவுனே விட்டிருந்தாலும் இப்படித்தான் விட்டிருப்பாள்.

வரவேற்பு மேஜையில் ப்ரீதி என்று ஒரு பெண் இருந்தாள். தமிழ்ப் பெண்தான், பிறந்தது வளர்ந்தது எல்லாம் புனே. தட்டித் தடுமாறித்தான் தமிழ் வரும். நாள் முழுவதும் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பதால் எல்லா மீனையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பவுன் வந்தால் மேஜையை விட்டு எழுந்து வந்து, கிளவுனில் எது பெண், நெருப்பு மீன் ஏன் எப்போதும் பயப்படுகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பவுனும் அவளிடம் மட்டும் சலிக்காமல் பதில் சொல்வாள்.

டிசம்பரில் சங்கரன் இன்னொன்று கேட்டார். வாசலில் நுழைகிறவரை நிறுத்தி வைக்கிற மாதிரி ஒரு பெரிய மீன் வேண்டும். லக்ஷ்மிநாராயணன் இரண்டு வாரம் மறுத்தார். ட்ரிகர் என்ற வகையே முரட்டு வகை என்றார். சங்கரன் விடவில்லை. கடைசியில் அந்த வகையிலேயே மிகச் சாது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார். கருநீல உடம்பு, பிறை போன்ற நீண்ட வால், வாய் திறந்தால் சிவந்த பற்கள். கேம்ப்பில் ஆரோக்கியசாமி கடையில் ஒன்று இருந்தது. கடைசியாக, மற்ற எல்லாம் நிலைபெற்ற பிறகு, அதை விடுவது என்று முடிவானது.

அந்த வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமாகும் வரை பவுன் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பைக்குள் மீன் திரும்பியது. வாலின் மேல் நுனி ஒருபக்கம் குறைந்திருந்தது. கண்ணுக்குக் கீழே வெளிறிய ஒரு கோடு.

அந்தக் கோடு அவள் வலைக் கம்பி இழுத்தது. போன வருஷம் கோரேகாவ் பார்க்கில் ஒரு வீட்டில், ஒரே மாதத்தில் ஐந்து மீன்களைக் கிழித்துப் போட்டவன் இவன். செம்பல்லன் என்று அவள் பெயர் வைத்திருந்தாள். வெளியே எடுக்கப் போனபோது அவள் விரலையே பதம் பார்த்தவன். ஆரோக்கியசாமியிடம் திருப்பிக் கொடுத்து, தனித்தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள், வேறு மீனோடு சேராது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். இடையில் யாரோ வாங்கிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கடைக்காரர் மறந்திருக்க வேண்டும். இந்த வகையைப் பற்றிச் சார்ட் சொன்னது சரிதான். இந்த ஒரு மீனைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அந்தக் கூடத்தில் தெரிந்தவள் பவுன் ஒருத்திதான்.

அவள் வாயைத் திறந்தாள். "சார், இந்த மீனு..." என்றாள். எட்டு வருஷத்தில் அவரை அவள் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"உன்னை அபிப்பிராயம் கேக்கலை," என்றார் லக்ஷ்மிநாராயணன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "சொன்னதை மட்டும் செய். எறக்கு."

பவுன் வாயை மூடிக்கொண்டாள். பையின் கழுத்தை அவிழ்த்து, மெல்லச் சாய்த்து, செம்பல்லனைத் தண்ணீரில் இறக்கினாள்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. மீன் பாறை இடுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாலை மட்டும் வெளியே நீட்டியபடி கிடந்தது. சங்கரன் வந்து பார்த்துப் பாராட்டினார். பவுன் செவ்வாயும் வெள்ளியும் வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னால் வந்தாள். மனதுக்குள் ஓர் உற்சாகம் இருந்தது. பஸ்ஸில் வரும்போதே இன்று என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டாள். திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி வந்தாள் என்றே சொல்ல வேண்டும்.

முதலில் இறால்கள் போயின. அடுத்து பச்சை மீன்கள் ஆறு நாலாயின, நாலு ஒன்றாயின. நெருப்பு மீனைக் காணோம். வரும்போதெல்லாம் மிச்சத்தை எண்ணிக் காலண்டர்த் தாளில் எழுதினாள். லக்ஷ்மிநாராயணன் அந்த நேரம் பார்த்துச் சென்னைக்கு மார்கழிக் கச்சேரிகள் கேட்கப் போயிருந்தார். சங்கரனின் அறை மாடியில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வலையும் வாளியும் கையில் இருந்தன. அலமாரிக் கதவைத் திறந்து, இடம் மாற்றக் கூடாது என்ற வரியைப் படித்தாள். அவர் எழுதியதுதானே, அவரே அனுபவிக்கட்டும் என்று கதவைச் சாத்தினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வண்ணாத்தி மேல்மூலையில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, சாய்ந்து நின்றது. நீள மூக்கின் நுனி இல்லை. ப்ரீதி ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, அது ஏன் கார்னர்லயே நிக்குது? காலையில இருந்து அப்படியே இருக்கு. சாப்பிடவும் இல்ல."

"தூங்குது," என்றாள் பவுன்.

"பகல்லயா?"

"சில மீனு அப்படித்தான்."

ப்ரீதி நம்பினாள். போய் மேஜையில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் வண்ணாத்தி செத்தது. வியாழக்கிழமை கிளவுன் ஜோடியில் சின்னது போயிற்று. பெரியது மட்டும் அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்ததை ப்ரீதி பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை பவுன் வந்தபோது அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தபோது எட்டடித் தொட்டியில் மூன்று மீன்கள் இருந்தன. கத்தி வால் கொண்ட சர்ஜன், ஒற்றைக் கிளவுன், நடுவில் செம்பல்லன். லக்ஷ்மிநாராயணன் ஊரிலிருந்து திரும்பியதும் சங்கரன் அவரை அதே கூடத்தில், ஊழியர்கள் எல்லோரும் பார்க்க நிற்க வைத்துப் பேசினார். உங்கள் பட்டியலை நம்பினேன், உங்கள் வயதுக்காக இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை என்றார். தான் மறுத்ததையும் சங்கரன்தான் வற்புறுத்தியதையும்கூட அவர் எடுத்துச் சொல்லவில்லை. சுருட்டிய தாள்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார். தொட்டியின் முழுப் பொறுப்பும் பவுனுக்கு வந்தது. அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் சந்தோஷமாக இருந்தாள். சுப்பையாவுக்கு இரண்டு நாள் கேசரி கிடைத்தது.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம். தாபோடி வீட்டு வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. லக்ஷ்மிநாராயணன் இறங்கினார். அந்த வீட்டுக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை. சுப்பையா பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. முன்னறைத் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் தனியாகத் தொங்கிய வலைகளையும் பார்த்தார். பிறகு பவுனிடம் திரும்பினார்.

"ஆரோக்கியசாமி சொன்னான். அந்த ட்ரிகரை முன்னாடி நீதான் திருப்பிக் குடுத்தயாமே?"

"ஆமா."

"பையில பாத்தப்பவே தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். ட்ரிகர் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும் என்றிருக்கலாம். அந்த ஆளிடம் போய்ப் பொய் சொல்வதா என்ற வீம்பு அவளுக்கு.

"தெரிஞ்சுது," என்றாள்.

சுப்பையா மனைவியின் முகத்தைப் பார்த்தார். மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"சொல்லத்தான் வந்தேன்," என்றாள் பவுன். "வாய அடச்சது நீங்கதான். அன்னைக்கு ஹால்ல என்ன சொன்னிய? எட்டு வருசமா எங்க போனாலும் என்னப் பத்தி என்ன பேசுனிய?"

"பேசினேன்," என்றார் அவர். குரல் உயரவில்லை. "உன்னைப் பேசினேன். இன்னும் பேசுவேன். உன்னை எனக்குப் பிடிக்காது. ஆனா அந்தப் பதினோரு உசுரு உன்னை என்ன பண்ணித்து? மூணு வாரம் வாரத்துக்கு ரெண்டு நாள் நின்னு பாத்துண்டிருந்திருக்கியே."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரிக்ஷாவில் ஏறிப் போய்விட்டார். சுப்பையா அன்று அவளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "அந்த வரவேற்புல இருக்க புள்ளகிட்டயும் பொய் சொன்னியாக்கும்" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். எப்போதோ அவளே அவரிடம் சொன்னதுதான்.

அடுத்த கூட்டத்தில் லக்ஷ்மிநாராயணன் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லப்போகிறார் என்று பவுன் தயாராகப் போனாள். பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அதற்கு அடுத்த மாதமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவேயில்லை. மற்றபடி பழைய ஏளனமெல்லாம் அப்படியே தொடர்ந்தது. அவள் பேசினால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். தன்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டதைப் பவுன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. தன்னைப் பற்றி வாயைத் திறக்கக்கூடத் தகுதி இல்லாதவள் என்று நினைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டாள். முன்னைவிட அதிகமாக வெறுத்தாள். ஆனால் இப்போது அந்த வெறுப்பில் அவளுக்கு ருசி இல்லை. தொட்டி துடைக்கும்போது மூக்கு அறுந்த வண்ணாத்தி ஞாபகம் வந்தால் கை நின்றுவிடும்.

செம்பல்லனை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வேறு யார் வாங்குவார்கள்? முன்னறையில் நாலடித் தொட்டி ஒன்றை அதற்கென்றே ஒதுக்கினாள். சுப்பையா ஒரு குச்சியில் இறாலைக் குத்தி நீட்டப் பழகிக்கொண்டார். கொஞ்ச நாளில் டிவி நாற்காலி அந்தத் தொட்டிப் பக்கம் நகர்ந்துவிட்டது.

மகர்பட்டாத் தொட்டியில் மறுபடி பச்சை மீன்களையும் இறால்களையும் விட்டாள். ஒற்றைக் கிளவுனுக்குச் சின்னதாக ஒரு துணை தேடி, ஒரு வாரம் நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பழக்கிச் சேர்த்தாள். ப்ரீதி அதைப் பார்க்க எழுந்து வரவில்லை. அவள் வேறு கம்பெனிக்குப் போவதற்கு முந்தின நாள், வண்ணாத்தி அன்று தூங்கவில்லை என்று பவுன் அவளிடம் சொன்னாள். "தெரியும் ஆன்ட்டி, நெட்ல பாத்தேன்" என்றாள் அந்தப் பெண், பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டே.

அதற்குப் பிறகு பவுன் ஆரோக்கியசாமி கடையில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். எந்த வீட்டிலிருந்து எந்த மீன் திரும்பி வந்தாலும், அது எதைக் கடித்தது, எதோடு ஒத்துப்போனது என்று ஓர் அட்டையில் எழுதித் தொட்டியில் ஒட்ட வேண்டும். ஆரோக்கியசாமி முணுமுணுத்தார். ஒட்டாவிட்டால் தானே வாசலில் நின்று வாங்க வருகிறவர்களிடம் சொல்வேன் என்றாள். சொல்லக்கூடியவள் என்று அவருக்குத் தெரியும்.

2006இல் ஒருநாள் அந்தக் கடைக்குப் போனபோது ஒரு தொட்டியில் அட்டை விழுந்து கிடந்தது. உள்ளே கருஞ்சிவப்புக் கிளவுன் ஒன்று. சேர்ந்திருந்த ஜோடியையே கொன்றது. யாருக்காவது எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். லக்ஷ்மிநாராயணன் சாருக்கு, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார் என்றார் ஆரோக்கியசாமி. பவுன் கடையின் போனை எடுத்து அவர் வீட்டுக்குப் போட்டாள்.

"அந்தச் செவப்பு கிளவுன எடுக்காதிய. அது ஜோடியக் கொன்னது," என்றாள்.

யார் பேசுவது என்று அவர் கேட்கவில்லை. போனை வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அந்த மீனை எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ஹால் வாசலில் எதிர்ப்பட்டபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார். அவளும் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

2008இல் அவர் மகனோடு இருக்கச் சென்னைக்குக் கிளம்பினார். வீட்டிலிருந்த நாலு தொட்டி மீன்களையும் கூட்டத்துக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பவுனைத் தவிர எல்லோருக்கும் கொடுத்தார் என்று சொன்னால் சரியாக இருக்கும். வழியனுப்பு விழாவுக்கு அவள் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஔந்தில் இருந்த கிரிஜா என்ற உறுப்பினர் பவுனுக்குப் போன் செய்தார். சார் கொடுத்த ஐந்து மீன்கள் தன்னிடம் இருக்கின்றன, தன் பழைய மீன்களோடு சேர்க்கலாமா, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். பவுன் போனாள். அவற்றை விட்டிருந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்தாள். ஐந்தும் பத்து வயதுக்கு மேற்பட்டவை. ஒன்றின் துடுப்பிலும் கிழிசல் இல்லை. ஒன்றை ஒன்று பார்த்து முகம் சுளிக்காமல் ஒரே இடத்தில் கூடி நின்றன. கையை உள்ளே விட்டாள். பயப்படாமல் வந்து விரலை மோந்தன.

"இவங்க அஞ்சு பேரும் ஒண்ணா வளந்தவங்க. பிரிக்காதிய, உங்க மீனோட சேக்கவும் வேண்டாம். தனித்தொட்டி வைங்க," என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து, வாசலுக்குப் போனவள் நின்று திரும்பினாள்.

"நல்லா வளத்திருக்காரு. நான் சொன்னேன்னு அந்த மனுசன்ட்ட மட்டும் சொல்லிராதிய."